ததேயுவுக்கு எழும்பி நின்றவர்கள்

கல்கரி
06.04.2025

அன்புத் தங்கச்சி பேர்ணடெற்றுக்கு,

அண்ணன் கிளிபோட் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என்னைக் கேளாமல் தன்பாட்டில் நடக்கிறது. நீயும் மச்சான் நீக்கிலாசும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் குளிரோடு காது முழுதாகப் போய்விட்டது. மெஷின் போட்டாலும் இரைச்சல்தான். போனில் நீ கதைத்தால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. அதில் தமிழ் அடிக்க விரலும் வளையாது. ஆகவே இனிக் கடிதம்தான். தபால்காரருக்கும் வேலை வேண்டுமே.

நம்முடைய ரொறொன்ரோ பேஸ்போல் ரீம் ஹெரன்ஸ் சீசனைத் தொடங்கிவிட்டார்கள். ரீவியின் அடியில் எழுத்து ஓடவிட்டுப் பார்க்கிறேன். பந்து பிடிக்கிற கச்சர் ததேயோ றோசாஸ் இந்த வருடமும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் பந்து எறிகிற பிச்சருக்கு முன்னால் குந்தினார். உனக்கு அவர் எப்போதும் புனித யூதா ததேயுதானே. முப்பத்தெட்டு வயதில் ஆட்டம் முழுக்கக் குந்தியிருந்து பந்து பிடிப்பது லேசில்லை. என் முழங்காலுக்குத் தெரியும்.

ஒரு விஷயம். மகன் வினோதன் தன் வீட்டின் அடியில் நான் இருக்கிற பேஸ்மென்றை ஒக்ரோபரில் வாடகைக்கு விடப் போகிறான். "அப்பாவுக்கு நல்ல சீனியர்ஸ் ஹோம் ஒண்டு பாத்திருக்கு" என்று தாளில் எழுதிக் காட்டினான். அங்கே ஒரு தமிழ் ஆள் இல்லை. உன் வீட்டில் நான் முந்தி இருந்த சின்ன அறை சும்மா கிடந்தால் அங்கே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மச்சானிடம் நான் நேரே கேட்பது முறையில்லை. தங்கச்சி வீட்டில் இடம் தா என்று அண்ணன்காரன் மாப்பிளையிடம் கேட்பதில்லை. நீ கேட்டுச் சொல்லு.

அன்புடன்,
அண்ணன் கிளிபோட்


இயேசு மரி சூசை

ஸ்காபரோ, வோபர்ன்
27.04.2025

என் அன்பான அண்ணாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுடன் இருப்பதாக. நாங்கள் சுகம். உங்கள் காதுக்காகப் பெரிய வெள்ளியன்று மெழுகுதிரி கொளுத்தினேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவுங்கோ.

ஹெரன்ஸ் உடுப்பின் கைப்பக்கத்தில் ஒரு வங்கியின் விளம்பரத்தைத் தைத்துவிட்டார்கள், பார்த்தீர்களா? வானொலியில் ஒருவர் சத்தம் போட்டார், "உதென்ன பேஸ்போலோ, பஸ் ஸ்ரொப்போ?" என்று. எனக்கும் பிடிக்கவில்லை. அதைவிட மோசம், வெள்ளிக்கிழமை ஆட்டம் இனி ரீவியில் இல்லையாம், காசு கட்டுகிற போன் அப்பில் மட்டும்தானாம். நான் கட்டவில்லை. வெள்ளிக்கிழமையில் செபமாலை சொல்லிவிட்டு, விடியக் காலையில் பேப்பரில் பார்க்கிறேன். இதற்காக இந்த வீட்டு வரவு செலவை நான் குழப்ப மாட்டேன்.

ததேயு இன்னும் ஒழுங்காக அடிக்கத் தொடங்கவில்லை. பார்ப்போம்.

அறை விஷயம் இவரைக் கேட்டுச் சொல்கிறேன். லொறியில் மேற்கே போய்விட்டார். வந்ததும் நித்திரை, எழும்பினதும் அடுத்த லோட். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

மாதா உங்களைத் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக.

தங்கை பேர்ணடெற்


கல்கரி
11.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதமும் நல்லெண்ணெய் வைத்தியமும் கிடைத்தன. எண்ணெய் மணம் பேஸ்மென்றில் இருந்து மேலே ஏறுகிறது என்று மருமகள் ஸ்டெபனி ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. மூக்கு நல்ல மூக்கு.

பேப்பரில் ததேயுவைப் பற்றி எழுதுவதைப் பார்த்தாயா? கிழவனை வீட்டுக்கு அனுப்பு, புதுப் பொடியனை இறக்கு என்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முதல் கையில் விரல் முறிந்தபடி பந்து பிடித்தவர் அவர். அப்போது இதே ஆட்கள் அவருடைய பெயரை முதுகில் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு ஆளை அடிக்கிற அடியை மட்டும் வைத்து எடை போடுகிறதா? பிச்சர் பதறுகிற நேரம் எழும்பிப் போய்த் தோளில் கை வைத்து இரண்டு சொல்லுச் சொல்லுகிறாரே, அதை எந்தப் புள்ளிவிபரத்தில் போடுவார்கள்?

பேரப்பிள்ளைகள் ஐஸ் ஹொக்கிக்காரர்கள். நான் பேஸ்போல் போட்டால், "அப்பப்பா, திஸ் இஸ் ஸோ ஸ்லோ" என்று வாய் அசைகிறது. அந்த வசனம் மட்டும் உதட்டில் நன்றாக வாசிக்கப் பழகிவிட்டேன்.

மச்சானைக் கேட்டாயா? அவசரமில்லை. ஆனாலும் கேள்.

அண்ணன் கிளிபோட்


இயேசு மரி சூசை

ஸ்காபரோ
15.06.2025

அன்பின் அண்ணாவுக்கு,

பதில் பிந்திவிட்டது, மனதில் வைக்க வேண்டாம். இங்கே சளிக் காய்ச்சல் ஒரு சுற்று வந்து போனது. இப்போது தேவன் செயலால் சுகம்.

அண்ணா, ததேயு விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. எனக்கும் அவர் மேல் பாசம்தான். ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறது. பத்துத் தரம் மட்டையோடு போனால் இரண்டு தரம்கூட அடிக்கிறார் இல்லை. ரீமில் இருப்பது இருபத்தாறு இடம். ஒருவருக்கு நன்றிக்காக ஒரு இடத்தைக் கொடுத்தால், அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் வெளியில் நிற்கிறார். பாசம் வேறு, இடம் வேறு. செய்ததற்கெல்லாம் அவருக்கு அந்தந்த நேரமே மரியாதை கொடுத்தார்கள்தானே.

உங்கள் பழைய அறையில் மடு மாதாவின் சுருபத்தை வைத்திருக்கிறேன். மாமியின் அலுமாரியைக் கொடுத்துவிட்டு, ஒரு கதிரையும் சின்ன ரீவியும் போட்டிருக்கிறேன். பின்னேரம் செபம் முடியப் போய் இருந்தால் ஆட்டம் பார்க்க வசதி. சும்மா எழுதுகிறேன்.

இவர் வந்து நின்றது இரண்டு நாள். அதற்குள் வாய் திறக்க முடியவில்லை. களைத்துப் போய் வருகிற மனுசனிடம் எதைக் கேட்பது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

தங்கை பேர்ணடெற்


கல்கரி
29.06.2025

தங்கச்சிக்கு,

சுகம். உன் காய்ச்சல் மாறியது சந்தோஷம்.

அந்தந்த நேரமே மரியாதை கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். மைதானத்தில் அவருடைய உருவத்தில் தலை ஆடுகிற பொம்மைகூட விற்றார்கள்.

மாதாவுக்கு அறை வேண்டும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நான் மாதாவோடு சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. ஒரு மூலையில் கட்டில் போட்டால் போதும். செப நேரத்தில் நான் மோல் பக்கம் நடந்துவிட்டு வருவேன். எனக்குத்தான் காது கேட்காதே, நீ எவ்வளவு சத்தமாகச் செபித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ரீவியில் ஆட்டம் போனால் கதவடியில் நின்று ஸ்கோர் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

கனடா வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறைக்குள் நாங்கள் ஏழு பேர் கிடந்ததை நினைத்தால், உந்தச் சின்ன அறை மாதாவுக்கும் எனக்கும் தாராளம்.

வினோதன் வீடு பார்க்க ஆட்களைக் கூட்டி வரத் தொடங்கிவிட்டான். நேற்று இரண்டு மாணவர்கள் வந்து என் கட்டிலடியில் நின்று அளவெடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

ஓமோ, இல்லையோ, ஏதாவது ஒன்றை எழுது.

அண்ணன்


இயேசு மரி சூசை

ஸ்காபரோ
27.07.2025

அன்பின் அண்ணாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்காக அந்தோனியாருக்கு ஒவ்வொரு செவ்வாயும் மன்றாடுகிறேன்.

ததேயுவை ரீமில் இருந்து நிறுத்திவிட்டார்கள். கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் வைத்துச் சொன்னார்களாம். மனேஜர் விற்மோர் பேட்டி கொடுத்தார். "எனக்கு அவரை வைத்திருக்கத்தான் விருப்பம், மேலிடத்து முடிவு, என் கையில் ஒன்றும் இல்லை" என்று கண் கலங்கினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அண்ணா, இதையும் எழுதத்தான் வேண்டும். இவரைக் கேட்டேன். இவருக்கு விருப்பமில்லை. உங்கள் மேல் ஒன்றுமில்லை, வயது போகிற நேரம் வீட்டில் அமைதி வேண்டும் என்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வீட்டு ஆம்பிளை ஒன்றைச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய? இதைப் பற்றி அவரிடம் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், வீட்டில் பிரச்சினையாகிவிடும்.

மாதாவின் கையில் உங்களை ஒப்படைக்கிறேன்.

தங்கை பேர்ணடெற்


கல்கரி
08.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ மனவருத்தப்படாதே. மச்சானில் எனக்குக் கோபமில்லை. பதினொரு வருடம் என்னைச் சகித்த மனுசன். அவர் இல்லை என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். நீ எனக்காக அவரோடு முட்டுப்பட்டாய் என்பதே எனக்குப் போதும். இனி அந்தக் கதையை எடுக்க மாட்டேன். இதற்காக உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சொல்லும் வரக் கூடாது.

ததேயுவை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. ஆனாலும் மனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் சம்பளக்காரன். மேலே இருப்பவன் சொன்னால் கீழே இருப்பவன் என்ன செய்வான்? கலங்கினாரே, அது பெரிய விஷயம்.

டெற்றொயிற் பக்கத்தில் ஒரு ரீம் அவரை எடுத்துவிட்டதாம், அறிந்தாயா? செப்ரெம்பரில் ரொறொன்ரோவுக்கு விளையாட வருவார்.

மிட்லண்ட் மாதா யாத்திரைக்குப் போவாய்தானே. எனக்காகவும் ஒரு திரி கொளுத்து.

அண்ணன் கிளிபோட்


இயேசு மரி சூசை

ஸ்காபரோ
24.08.2025

அன்பின் அண்ணாவுக்கு,

மடு மாதா யாத்திரைக்கு மிட்லண்ட் போய் வந்தோம். நல்ல சனம், நல்ல வெயில். உங்களுக்காகப் பெரிய திரியாகவே ஏற்றினேன். மந்திரித்த எண்ணெய்ப் போத்தல் ஒன்று இதோடு வருகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பூசுங்கோ.

உங்கள் கடிதம் வாசித்து மனம் ஆறினேன். உங்களுடைய பெருந்தன்மை வேறு ஆருக்கு வரும்.

அண்ணா, மனேஜர் விற்மோரின் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. ரீமின் முதலாளி நேற்றுப் பேட்டி கொடுத்தார். "ததேயோவை அனுப்புவது பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சீசன் முடியும் வரை வைத்திருக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். அப்படியென்றால் எல்லாம் இந்த மனுசன் தானே முடிவெடுத்துத் தானே செய்த வேலை. முகத்துக்கு நேரே சொல்லப் பயந்து மேலிடத்தின் தலையில் கட்டிவிட்டு, கமராவுக்கு முன்னால் கண்ணைத் துடைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ரீவியை நிறுத்திவிட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல ஒரு நேர்மை வேண்டும். வானொலிக்குப் போன் எடுத்தவர்களெல்லாம் அவனைக் கோழை என்றார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

இவர் லோட் ஏற்றிக்கொண்டு மேற்கே போயிருக்கிறார். வினிப்பெக் என்றுதான் சொன்னவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

தங்கை பேர்ணடெற்


கல்கரி
05.09.2025

பேர்ணடெற்றுக்கு,

நான் சுகம். எண்ணெய்ப் போத்தல் உடையாமல் வந்து சேர்ந்தது.

மச்சானின் லோட் வினிப்பெக்கோடு நிற்கவில்லை, கல்கரி வரை வந்தது. போன திங்கட்கிழமை லொறியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, டோனட் பெட்டியோடு படியில் இறங்கி வந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்கு இடமில்லை என்று சொன்ன மனுசன் என் கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கத்திக் கத்திக் களைத்து, பிறகு டோனட் பெட்டி மூடியில் எழுதினார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"மச்சான், கல்கரி உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சோ? எங்கடை சின்ன அறை கிடக்கு. அண்ணையை வரச் சொல்லு எண்டு எத்தினை தரம் உவளுக்குச் சொல்லிப்போட்டன். பேரப்பிள்ளையளை விட்டிட்டு வரமாட்டார் எண்டு உவள் சொல்லுறாள். நான் ஆட்டம் பாக்கத் துணையில்லாமல் இருக்கிறன். உவள் அறைக்குள்ளை தனியப் பாக்கிறாள், நான் ஹோலுக்குள்ளை தனியப் பாக்கிறன். இது ஒரு வீடோ?"

சீனித் தூள் எழுத்தின் மேல் கொட்டியிருந்தது. ஊதிவிட்டுத் திரும்ப வாசித்தேன்.

பிறகு வாயால் சொன்னேன். "ஓம் மச்சான். பிள்ளையளை விட்டிட்டு வர மனமில்லை. இஞ்சை எனக்கு நல்ல வசதி. குளிர்தான் கொஞ்சம்."

அவர் சிரித்துக்கொண்டு, "நீங்கள் குடுத்து வைச்சனியள்" என்று எழுதினார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது பேஸ்மென்றைச் சுற்றிப் பார்த்து, "ஏன் பெட்டியெல்லாம் கட்டி வைச்சிருக்கிறியள்?" என்று கையால் கேட்டார். மேலே வேறு அறை தருகிறார்கள் என்றேன்.

மூடியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ பயப்படத் தேவையில்லை.

விற்மோரைப் பற்றி நீ எழுதியதை இன்னொருமுறை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

கிளிபோட்


ஸ்காபரோ
28.09.2025

அண்ணா,

இதை எத்தனையோ தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். தலைப்பில் இயேசு மரி சூசை என்று போடக் கை வரவில்லை.

இவரை நான் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. உங்களிடம் நேரே சொன்னாலும் சரி என்றுதான் சொல்வீர்கள். அது எனக்கு இன்னும் பாரம். அதனால் இல்லையென்று சொல்கிற வேலையை இவர் தலையில் வைத்தேன்.

நான் கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து இந்த வீட்டில் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மாமா, பிறகு மாமி, பிள்ளைகள், நீங்கள். உங்களுடைய சாப்பாடு, உங்களுடைய மருந்து, தோய்க்க வேண்டிய உங்களுடைய சேட். நீங்கள் ஒரு நாளும் அதட்டிக் கேட்டதில்லை. "தங்கச்சி" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டீர்கள். ஆனால் கூப்பிட்டீர்கள். மாமி இறந்து, நீங்களும் கல்கரிக்குப் போன பிறகு, அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஆட்டம் முடியும் வரை ஒருவரும் கூப்பிடவில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாதாவைக் கொண்டுபோய் அங்கே வைத்ததும் அதற்காகத்தான். மாதா இருக்கிற அறையை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை ததேயு வந்தார். இவர் ரிக்கெற் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். வேறு ரீமின் உடுப்போடு மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வர, மைதானம் முழுக்க எழும்பி நின்றது. நானும் நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். சிலுவை போட்டார். நான் கை நோகத் தட்டினேன். அழுதேன். இவர் பார்த்து, "என்னப்பா, அவரை அனுப்பச் சொன்னதே நீர்தானே" என்றார்.

மாதாவை ஹோலுக்கு மாற்றிவிட்டேன். கட்டில் போட்டாகிவிட்டது. வாங்கோ அண்ணா. வினோதனிடம் சொல்லி ரிக்கெற் போடுங்கோ. நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பேர்ணடெற்


கல்கரி
13.10.2025

அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

மேலே எழுதியிருக்கும் விலாசம் இனிச் செல்லாது. புது விலாசத்தை வினோதன் அனுப்புவான். சீனியர்ஸ் ஹோமில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் யுக்ரேன்காரர் ஒருவர். அவருக்கும் காது கேட்காது. ஆகவே எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை.

மாதாவைத் திரும்ப அறைக்குள் வை. ஹோல் அவளுக்கு இரைச்சல். கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டத்தைப் பார். நான் கூப்பிட மாட்டேன்.

நீ அறை வேண்டும் என்று ஏப்ரலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால், நான் உன்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருப்பேன். ஓகஸ்ட் முழுக்க நான் மச்சானுக்காகச் செபம் செய்தேன், அவருடைய மனம் இளக வேண்டும் என்று. அந்தச் செபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை நானும் பேஸ்மென்றில் இருந்து பார்த்தேன். எனக்குச் சத்தம் இல்லைத்தானே. ரீவியின் அடியில் "அப்ளாஸ்" என்று ஒரு சொல் வந்து, கனநேரம் அப்படியே நின்றது. சனம் எழும்பி நின்று கையை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் நீயும் நின்றிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் போய்விட்டது, தெரிந்திருந்தால் உன்னைத் தேடியிருப்பேன்.

மச்சானுக்கு ஒன்றும் சொல்லாதே. என் அன்பை மட்டும் சொல்லு.

ரீவியை நான் உடனே நிறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து ஆட்கள் வெளியேறுவதையும் காட்டினார்கள். ததேயு பையைத் தோளில் போட்டுக்கொண்டு மற்ற ரீமின் பஸ்ஸில்தான் ஏறினார்.

கிளிபோட்